ஏலத்திற்கு வந்த பற்கள்

நுழையும்முன்

ஒரு பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது? அது செய்யப்பட்ட மூலப்பொருளிலா, செய்தவரின் உழைப்பிலா, அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையிலா? சந்தையிலும் அருங்காட்சியகத்திலும் வீட்டுப் பரணிலும் நாம் எதிர்கொள்ளும் இக்கேள்வியை நகைச்சுவை குன்றாமல் ஆராய்கிறது, மெக்சிக்கோ எழுத்தாளர் வலேரியா லூயிசெல்லியின் 'என் பற்களின் கதை' என்னும் புதினம். ஏலம் கூறுபவர் ஒருவரின் வாழ்க்கையாக விரியும் அப்புதினம் உருவான முறையையும் அது எழுப்பும் சிந்தனைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

விலையும் மதிப்பும்

விலை, மதிப்பு என்னும் இரு சொற்களையும் நாம் பல நேரங்களில் ஒரே பொருளில் வழங்குகிறோம். எனினும் அவற்றிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. விலை என்பது ஒரு பொருளைப் பெறுவதற்காகக் கொடுக்கப்படுவது. மதிப்பு என்பது அப்பொருளின்மீது மனம் வைத்திருப்பது. பாட்டி பயன்படுத்திய வெற்றிலைப் பெட்டியைப் பழைய பாத்திரக் கடையில் கொடுத்தால் பித்தளையின் எடைக்கு ஏற்பவே பணம் கிடைக்கும். வீட்டாருக்கு அப்பெட்டி தரும் நிறைவு எந்தத் தராசிலும் ஏறாது. கடைக்காரர் அறியாத ஒன்றை வீட்டார் அறிந்திருக்கிறார்கள். அந்த ஒன்றுதான் பெட்டியின் கதை.

கதை பரவும்போது மதிப்பு, விலையாகவும் மாறுவதுண்டு. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு பல் ஏலத்திற்கு வந்தது. நிறம் மங்கிய, சொத்தை விழுந்த கடைவாய்ப்பல் அது. பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜான் லெனன், தம் இல்லப் பணிப்பெண்ணுக்குக் கொடுத்தது என்பதே அதன் வரலாறு. கனடா நாட்டுப் பல் மருத்துவர் ஒருவர் 19,500 பவுண்டு கொடுத்து அதை வாங்கினார். வேறொருவர் வாயில் இருந்திருந்தால் குப்பைக்குச் சென்றிருக்கக்கூடிய பல், ஒரு பெயரும் ஒரு கதையும் சேர்ந்ததால் செல்வமாயிற்று.

உண்மையில் நிகழ்ந்த இவ்வேலத்தைப் போன்ற ஒன்றைத்தான் லூயிசெல்லி தம் புதினத்தின் மையமாக அமைத்தார். ஆனால் அப்புதினம் பிறந்த இடம் ஏலக்கூடம் அன்று, ஒரு தொழிற்சாலை.

பழச்சாற்று ஆலையும் கலைக்கூடமும்

மெக்சிக்கோ நகரின் வடகிழக்கு விளிம்பில் அமைந்துள்ளது எகாதெபெக். மெக்சிக்கோவின் தொல்மொழிகளுள் ஒன்றான நாவாட் மொழியில் இப்பெயருக்குக் 'காற்றின் குன்று' என்பது பொருள். தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த இவ்வூரில் ஹூமெக்ஸ் என்னும் பழச்சாற்று நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அந்நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த எவுகேனியோ லோப்பெஸ் அலோன்சோ, இக்காலக் கலைப்படைப்புகளைத் தொகுப்பதில் பேரார்வம் கொண்டவர். இலத்தீன் அமெரிக்காவின் மிகப்பெரிய தொகுப்புகளுள் ஒன்றாக அவருடைய தொகுப்பு வளர்ந்தது. அதனைக் காட்சிப்படுத்த 2001ஆம் ஆண்டில் ஆலை வளாகத்திலேயே கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது.

ஒரே வளாகத்தில் இரண்டு உலகங்கள் அருகருகே நின்றன. ஒன்றில் பழம் பிழியப்பட்டுப் புட்டிகளில் அடைக்கப்பட்டது. மற்றொன்றில் உலகின் புகழ்பெற்ற கலைஞர்களின் படைப்புகள் வைக்கப்பட்டிருந்தன. கலைக்கூடத்தின் செல்வத்திற்கு ஊற்றாக இருந்தது ஆலையின் உழைப்பு. எனினும், அங்கு உழைத்தவர்களின் அன்றாடத்திற்கும் கலைப்பொருள்களின் உலகிற்கும் இடையே பெரும் தொலைவு இருந்தது.

கலைக்கூடம் 2013ஆம் ஆண்டில் நடத்திய கண்காட்சி ஒன்றின் தொகுப்பு நூலுக்காகப் புனைகதை எழுதித் தருமாறு லூயிசெல்லியிடம் கேட்டது. கலைக்கூடத்தைப் பற்றிக் கலை வல்லுநர்களுக்காக எழுதுவதைவிட, ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் அவர்களோடு சேர்ந்தும் எழுதுவதே பொருத்தம் என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்திற்கு ஒரு முன்னோடி மரபு துணைநின்றது.

சுருட்டு ஆலையின் வாசிப்புக் குரல்

கியூபா நாட்டின் சுருட்டு ஆலைகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு வழக்கம் தோன்றியது. தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, உயர்ந்த இருக்கையில் அமர்ந்த ஒருவர் நாளிதழ்களையும் புதினங்களையும் உரத்த குரலில் படிப்பார். கைகள் வேலையில் இருக்கும். செவிகள் கதையில் இருக்கும். படிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தனர். எந்நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். அரசு சில காலம் இவ்வழக்கத்திற்குத் தடை விதித்தபோதும் அது அழியவில்லை. கியூபாவின் புகழ்பெற்ற சுருட்டு வகைகளுள் ஒன்று, தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் துய்மாவின் புதினத்தையொட்டி 'மாண்டெகிறிஸ்டோ' எனப் பெயர்பெற்றது.

இம்மரபை லூயிசெல்லி புது வகையில் கையாண்டார். அப்போது அவர் நியூயார்க்கில் வாழ்ந்தார். புதினத்தின் ஒவ்வொரு பகுதியையும் எழுதி மெக்சிக்கோவிற்கு அனுப்புவார். அது சிறு நூலாக அச்சிடப்பட்டுத் தொழிலாளர்களிடம் வழங்கப்படும். அவர்களுள் சிலர் குழுவாகக் கூடி அதனை உரக்கப் படிப்பர், கருத்துரைப்பர், தங்கள் வாழ்வின் நிகழ்வுகளையும் இடையிடையே சொல்லுவர். அவ்வுரையாடலின் ஒலிப்பதிவு லூயிசெல்லியைச் சென்றடையும். அதைக் கேட்டபின் அவர் அடுத்த பகுதியை எழுதுவார். சுருட்டு ஆலையில் கதை ஒரு திசையில் சென்றது. எகாதெபெக்கிலோ அது போனது போலவே திரும்பியும் வந்தது. கேட்டவர்கள், கதை சொல்பவர்களாகவும் ஆயினர்.

'நெடுஞ்சாலை' என்னும் நாயகன்

இப்புதினத்தின் நாயகர் குஸ்தாவோ சாஞ்செஸ் சாஞ்செஸ். ஊரார் அவருக்கு இட்ட பெயர் 'நெடுஞ்சாலை'. தம்மை உலகின் தலைசிறந்த ஏலம் கூறுபவர் என்று அவரே அறிமுகம் செய்துகொள்கிறார். இளமையிலேயே பொருள் சேர்க்கும் பழக்கம் அவரைப் பற்றிக்கொள்கிறது. தந்தை கடித்துத் துப்பும் நகத்துண்டுகளே அவருடைய முதல் தொகுப்பு! அருவருப்பும் நகைப்பும் ஒருங்கே தோன்றும் இக்காட்சியிலேயே புதினத்தின் கேள்வி தொடங்கிவிடுகிறது. பிறர் எறிந்ததை ஒருவர் எடுத்து வைக்கும்போது அது என்னவாகிறது?

நெடுஞ்சாலை பழச்சாற்று ஆலையில் பல ஆண்டுகள் காவலராகப் பணிபுரிகிறார். ஒருநாள் அச்சத்தால் நிலைகுலைந்த உடன் பணியாளர் ஒருவரை அமைதிப்படுத்துகிறார். அதனால் பணியாளர்களின் மனநெருக்கடிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைக்கிறது. பின்னர் ஏலக்கலையைக் கற்றுத் தேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஏலம் கூறுகிறார். சேர்த்த பொருள்களை வைக்கக் கிடங்கும் அமைக்கிறார்.

கோணல்மாணலான தம் பற்களால் அவருக்குத் தீராத மனக்குறை. எழுதிச் சம்பாதித்த பணத்தில் பற்கள் அனைத்தையும் மாற்றிக்கொண்ட ஓர் எழுத்தாளரைப் பற்றி அறிந்ததிலிருந்து, தாமும் அவ்வாறு செய்யவேண்டும் என்று கனவு காண்கிறார். மியாமி நகரில் நடந்த ஓர் ஏலத்தில், திரைநடிகை மர்லின் மன்றோவின் பற்கள் எனக் கூறப்பட்டவற்றை வாங்கித் தம் வாயில் பொருத்திக்கொள்கிறார். அவை உண்மையில் யாருடைய பற்கள்? அதற்குச் சான்று ஏதும் இல்லை. நெடுஞ்சாலைக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை. கண்ணாடியில் தம் புன்னகையைப் பார்த்து மகிழ அவருக்கு அக்கதையே போதுமானதாக இருக்கிறது.

பத்துப் பற்கள், பத்துக் கதைகள்

பிடுங்கப்பட்ட பழைய பற்களை என்ன செய்வது? பங்குத்தந்தை ஒருவர் தம் தேவாலயத்திற்கு நிதி திரட்ட ஏலம் ஒன்றை நடத்துமாறு நெடுஞ்சாலையை வேண்டுகிறார். அத்தேவாலயம் புனித அப்பலோனியாவின் பெயரால் அமைந்தது என்பதும் ஆசிரியரின் குறும்பே. அங்குக் கூடியவர்களின் முன், தம் சொந்தப் பற்களுள் பத்தினை நெடுஞ்சாலை ஒவ்வொன்றாக ஏலத்தில் வைக்கிறார். அவை தம்முடையவை என்று அவர் சொல்வதில்லை. ஒன்று பிளேட்டோவின் பல். ஒன்று ரூசோவின் பல். மற்றொன்று வர்ஜீனியா உல்ஃபின் பல். அகஸ்தீன், பெட்ரார்க், மோந்தேய்ன், போர்ஹெஸ் முதலியோரின் பற்களும் வருகின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சிறு வாழ்க்கை வரலாறு. அவ்வரலாற்றைக் கேட்டவர்கள் கைகளை உயர்த்துகிறார்கள், விலை ஏறுகிறது.

இறுதியில் விற்பதற்குப் பல் எதுவும் மீதம் இல்லாதபோது நெடுஞ்சாலை தம்மையே ஏலத்தில் வைக்கிறார். அவரை ஏலத்தில் எடுப்பவர், நெடுங்காலமாகப் பிரிந்திருந்த அவருடைய மகன் சித்தார்த்தா. தந்தைமீது கொண்ட சினம் தணியாத அம்மகன், மர்லின் மன்றோவின் பற்களை அவரிடமிருந்து பறித்துவிடுகிறான். கண்விழிக்கும் நெடுஞ்சாலை, பல்லற்ற வாயுடன் கலைக்கூட அறையில் கிடக்கிறார். சுற்றிலும் திரைகளில் கோமாளிகளின் உருவங்கள். எங்கிருந்தோ மகனின் குரல். எல்லாவற்றிற்கும் கதை கூறி விலை ஏற்றிய மனிதர், தம் மகனின் கண்ணில் தமக்கிருந்த மதிப்பை ஏற்றிக்கொள்ளத் தவறிவிட்டார். நகைப்பின் நடுவே வாசகரை உறுத்தும் இடம் இது.

தெரிந்து தெளிவோம்
புனித அப்பலோனியா, எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். சமயக் கலவரத்தின்போது இவருடைய பற்கள் உடைக்கப்பட்டன. அதனால் கத்தோலிக்க மரபில் பல் மருத்துவர்களுக்கும் பல்வலியால் துன்புறுவோருக்கும் காவற்புனிதராகப் போற்றப்படுகிறார். இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் எலும்பு, பல் முதலியவை திருப்பொருள்களாக வணங்கப்பட்டன.

வளைவுகளும் அணிகளும்

நெடுஞ்சாலையின் ஏலமுறைகளுக்கு ஆசிரியர் இட்டுள்ள பெயர்கள் சுவையானவை. வட்டம், நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் ஆகிய கூம்பு வளைவுகளின் பெயர்களே அவை. கணிதத்தில் நீங்கள் காணும் இவ்வளைவுகளுக்கும் கதைக்கும் என்ன தொடர்பு?

தமிழில் இவ்வளைவுகளுக்கும் இலக்கிய உத்திகளுக்கும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. ஐரோப்பிய மொழிகளிலோ இவை ஒரே கிரேக்க வேர்களிலிருந்து கிளைத்தவை. 'குறைதல்' என்னும் பொருள்தரும் வேரிலிருந்து நீள்வட்டத்தின் பெயரும், சொல்லாமல் தொக்கி நிற்கவிடும் உத்தியின் பெயரும் பிறந்தன. 'அருகே வைத்தல்' என்னும் வேர், பரவளையத்திற்கும் நீதி உணர்த்தும் உவமைக்கதைக்கும் பெயராயிற்று. 'அப்பால் எறிதல்' என்னும் வேரோ அதிபரவளையத்திற்கும் உயர்வுநவிற்சிக்கும் உரியதாயிற்று. வட்டத்தின் மையத்தொலைத்தகவு சுழி, நீள்வட்டத்திற்கு அது ஒன்றைவிடக் குறைவு, பரவளையத்திற்கு ஒன்று, அதிபரவளையத்திற்கு ஒன்றைவிட மிகுதி. ஒரு பொருளைப் பற்றிய கூற்று அப்பொருளிலிருந்து எவ்வளவு விலகிச் செல்கிறது என்பதை அளக்கும் அளவுகோலாக நெடுஞ்சாலை இதனைக் கொள்கிறார். பற்களின் ஏலம் நிகழும் பகுதிக்கு உயர்வுநவிற்சியின் பெயர் சூட்டப்பட்டிருப்பது எவ்வளவு பொருத்தம்!

இவற்றோடு தாமே கண்ட முறை ஒன்றையும் அவர் சேர்க்கிறார். ஒன்றைச் சொல்லி அதன்வழி வேறொன்றை உணர்த்தும் முறை அது. நம் அணியிலக்கணம் கூறும் பிறிதுமொழிதலுக்கு அது நெருக்கமானது.

பெயர் செய்யும் மாயம்

பொருளுக்குக் கதை மதிப்பூட்டுவது போலவே பெயரும் மதிப்பூட்டும். இவ்வுண்மையைக் கொண்டும் புதினம் விளையாடுகிறது. நெடுஞ்சாலையின் உறவினர்கள் மார்செலோ சாஞ்செஸ் புரூஸ்ட், ஹுவான் பாப்லோ சாஞ்செஸ் சார்த்தர் என்பன போன்ற பெயர்களைத் தாங்கி வருகிறார்கள். பிரெஞ்சு இலக்கியத்தின் பெரும்பெயர்கள் எகாதெபெக்கின் எளிய மாந்தரிடம் வந்து சேர்கின்றன. பெயரைக் கேட்டவுடன் தலைவணங்கும் நம் பழக்கத்தை ஆசிரியர் இவ்வாறு மென்மையாகப் பகடி செய்கிறார்.

இவ்விளையாட்டிற்குப் பின்னால் நவீனக் கலை வரலாறும் உள்ளது. மார்செல் துய்ஷாம் என்னும் கலைஞர் 1917ஆம் ஆண்டில், கடையில் கிடைக்கும் பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்றில் கையொப்பமிட்டு, 'நீரூற்று' என்று பெயரிட்டு, நியூயார்க்கில் நடைபெற்ற கண்காட்சிக்கு அனுப்பினார். அமைப்பாளர்கள் அதனைக் காட்சிக்கு வைக்க மறுத்தனர். ஆயினும் பின்னாளில் இருபதாம் நூற்றாண்டுக் கலையின் திருப்புமுனைகளுள் ஒன்றாக அது போற்றப்பட்டது. சாதாரணப் பொருள் கலைக்கூடத்திற்குள் சென்றதால் கலையாயிற்று. லூயிசெல்லி இதனைத் திருப்பிப் போட்டார். கலைக்கூடத்தில் உள்ளவற்றையும் இலக்கியத்தின் பெரும்பெயர்களையும் வெளியே கொணர்ந்து, தெருவிலும் கிடங்கிலும் வைத்துப் பார்த்தார். அங்கும் அவற்றின் மதிப்பு நிலைக்குமா என்பதே அவருடைய சோதனை.

கதையா, பொய்யா?

இங்கு ஒரு வினா எழுவது இயல்பு. தம் பல்லைப் பிளேட்டோவின் பல் என்று விற்பவர் ஏமாற்றுக்காரர் அல்லரா? நெடுஞ்சாலை இதனை ஒப்புக்கொள்வதில்லை. பொருளை விற்பவராக அன்றி, நல்ல கதைகளைச் சேர்ப்பவராகவே அவர் தம்மைக் கருதுகிறார். தாம் பொய்யுரைக்கவில்லை, பொருள்களின் உள்ளே உறங்கும் மதிப்பை எழுப்புவதாகவே அவர் நம்புகிறார்.

புதினம் அவருடைய வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுமாறு நம்மை வற்புறுத்தவில்லை. பிற்பகுதியில் கதைசொல்லி மாறுகிறார். நெடுஞ்சாலையின் வரலாற்றை எழுத முன்வரும் வொராஜினே என்னும் இளைஞர், தம் பார்வையில் அதனைக் கூறுகிறார். இப்பெயரும் காரணத்தோடு அமைந்ததே. 13ஆம் நூற்றாண்டில் புனிதர்களின் வரலாறுகளைத் தொகுத்த இத்தாலியத் துறவியின் பெயர் அது. நெடுஞ்சாலையின் வாயால் கேட்டபோது பெருமிதமாகத் தோன்றிய வாழ்க்கை, இவ்விளைஞரின் எழுத்தில் ஏழ்மையும் தனிமையும் தோய்ந்ததாகத் தெரிகிறது. எனினும் நம் மனத்தில் நெடுஞ்சாலை சிறுத்துப் போவதில்லை. உடைமை ஏதுமற்ற ஒருவர் கதை ஒன்றை மட்டுமே முதலாகக் கொண்டு தலைநிமிர்ந்து வாழ முயன்றார் என்பதை அப்போதுதான் உணர்கிறோம்.

ஆகவே, கதை பொருளுக்கு மதிப்பூட்டும் என்பதோடு நாம் நின்றுவிட முடியாது. அக்கதையால் பயன்பெறுபவர் யார், இழப்பவர் யார் என்றும் கேட்கவேண்டும். தேவாலயத்தில் கூடியவர்கள் பணம் கொடுத்துக் கதையின் இன்பத்தைப் பெற்றார்கள். பணம் தேவாலயத்தின் தேவைக்காகத் திரட்டப்பட்டது. இதே கதைத்திறம், போலி மருந்தை விற்பவரிடம் சேர்ந்தால் உயிருக்கே கேடாகும். விளம்பரங்கள் நம்மைச் சூழ்ந்துள்ள இக்காலத்தில், ஒரு பொருளின் விலையில் பொருளுக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு என்று பிரித்தறியும் பயிற்சி அனைவருக்கும் தேவை. அப்பயிற்சியைச் சிரிப்பின் வழியாகத் தருவது இப்புதினத்தின் தனிச்சிறப்பு.

உழைப்பவரின் சொல்

'என் பற்களின் கதை'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளர் கிறிஸ்டினா மாக்ஸ்வீனி, கதை நிகழ்வுகளையும் உலக நிகழ்வுகளையும் இணைக்கும் காலவரிசைப் பகுதி ஒன்றைத் தாமே எழுதிச் சேர்த்தார். தொழிலாளர்கள் பங்களித்தது போலவே மொழிபெயர்ப்பாளரும் பங்களித்தார். ஒருவர் பெயரில் வெளிவரும் நூலுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருப்பதை இப்புதினம் மறைக்கவில்லை. நூலின் பின்னுரையில் அது உருவான முறையை ஆசிரியர் விரிவாகக் கூறுகிறார்.

கலைக்கூடத்தின் சுவரில் தொங்கும் ஓவியத்திற்கு விலை உண்டு. அதை வாங்கியவருக்குப் பெயர் உண்டு. அதற்கான பணத்தை ஈட்டித் தந்த ஆலையில் உழைத்தவர்களின் கதைகள் எந்தப் பட்டியலிலும் இடம்பெற்றதில்லை. கண்காட்சிக்கென எழுதப்பட்ட நூலில் அக்கதைகளைச் சேர்த்ததன்மூலம், அவையும் சேர்த்துவைக்கத் தக்க செல்வமே என்பதை லூயிசெல்லி நிறுவினார். சேகரிப்பு என்பது பணம் படைத்தவருக்கு மட்டும் உரிய கலை அன்று. கேட்கும் செவியும் நினைவில் கொள்ளும் நெஞ்சமும் உடைய எவரும் சேகரிப்பாளரே.

நூல்வெளி
வலேரியா லூயிசெல்லி 1983ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் பிறந்தவர். புதினம், கட்டுரை ஆகிய இரு துறைகளிலும் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவருகிறார். 'என் பற்களின் கதை' 2013ஆம் ஆண்டு ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதழின் புனைகதைக்கான பரிசைப் பெற்றது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த இவருடைய ஆங்கிலப் புதினம் 2021ஆம் ஆண்டுக்கான டப்ளின் இலக்கியப் பரிசைப் பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றின் வரலாற்றை மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. வகுப்பறையில் சாதாரணப் பொருள் ஒன்றை மேசைமீது வைத்து, அதற்குக் குழுவாகக் கதை புனைந்து ஏலம் கூறுக. கதைக்கு முன்னும் பின்னும் அப்பொருளுக்குக் கேட்கப்பட்ட விலையை ஒப்பிடுக.
3. நாளிதழ் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பொருளைப் பற்றிய உண்மை எது, பொருளைச் சுற்றிய கதை எது என்று அட்டவணைப்படுத்துக.

வினாக்கள்

குறுவினா
1. விலை, மதிப்பு – வேறுபடுத்துக.
2. நெடுஞ்சாலையின் முதல் தொகுப்பு யாது?

சிறுவினா
1. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் நிலவிய வாசிப்பு மரபை விளக்குக.
2. ஏலமுறைகளுக்கும் கூம்பு வளைவுகளுக்கும் உள்ள தொடர்பை எழுதுக.

நெடுவினா
1. 'கதை பொருளுக்கு மதிப்பூட்டும். அக்கதையால் பயன்பெறுபவர் யார் என்பதையும் கேட்கவேண்டும்' – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.